எழுபத்து நாலில் நின்ற முள்

ரவாங்
9.2.1986

நவமணிக்கு அண்ணி எழுதுவது.

உன் அண்ணன் செய்திருக்கும் காரியத்தைக் கேள். நம் சொந்தக்காரப் பெண் தங்கமணியின் கல்யாணப் போட்டோ வந்துவிட்டது. அதில் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, டிவிக்கு நேர் மேலே மாட்டி வைத்திருக்கிறார். மணமக்களுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் நம் இருவரையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் பெண் எங்கே, மாப்பிள்ளை எங்கே என்று தேடுகிறார்கள். "அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் பின்னால நில்லுங்களேன்" என்று போட்டோக்காரன் கெஞ்சினானே, கேட்டோமா?

"சிமெண்டு மூட்டையெல்லாம் என் லோரியிலதான் ஏறும்னு நெனச்சேன், கல்யாண மேடையிலயும் ஏறியிருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார் உன் அண்ணன். சிமெண்டு லோரி ஓட்டுகிறவர் வாயிலிருந்து வேறென்ன வரும்!

அன்றைக்கு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இரண்டு பேரும் இளைத்துக் காட்டுவதென்று நாம் சபதம் போட்டது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. மறுநாளே எங்கள் ஃபேக்டரி கிளினிக் தராசில் ஏறி நின்றேன். எழுபத்தொன்பது கிலோ. காலையில் ஷிஃப்டுக்கு முன்னால் எங்கள் தாமான் வீட்டு வரிசைகளைச் சுற்றி ஓட்டம். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ராத்திரி சோறு கிடையாது. தே தாரிக் டீயில் சீனி கிடையாது. தேங்காய்ப்பால் சோறு, அந்த நாசி லெமாக் விற்கிற பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. இப்போது எழுபத்து நாலு! ஐந்து கிலோ போய்விட்டது. நர்ஸே அசந்துவிட்டாள்.

நீ வருத்தப்படாதே. எஸ்டேட் லயத்தில் இருந்துகொண்டு இதெல்லாம் முடியாது. உன் வீட்டுக்காரர் செல்லனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அமராவதி

*

கீழ்ப்பிரிவு லயம்
புக்கிட் ரோத்தான்
2.3.1986

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் ஐந்து கிலோவும் கிடைத்தது. படித்துவிட்டு அன்று முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார்.

லயத்தில் இருந்துகொண்டு முடியாதா? நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ரவாங்குக்குப் போய் எத்தனை யுகம் ஆகிவிட்டது, இப்படி எழுத? தமிழ்ப்பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்து என் பென்சிலைக் கடித்த அமராவதிதானே? என் பக்கத்து நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அமராவதிதானே? உங்களுக்கு டிவி இருக்கிறது, ஐஸ்பெட்டி இருக்கிறது, குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது. எல்லாம் நன்றாக இருக்கட்டும். இளைப்பதும் உங்களுக்கு மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறதா?

நானும் மறக்கவில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். பொங்கல் முடிந்த கையோடு பால் கொட்டகைத் தராசில் ஏறினேன். கோப்பையில் உறைந்த ஒட்டுப்பால் மூட்டைகளை எடை போடுகிற அதே பெரிய தராசு. எண்பது காட்டியது. அன்றிலிருந்து ஒரு வேளைதான் சோறு, மற்ற வேளை அவித்த மரவள்ளிக்கிழங்கு. மரம் வெட்டி முடித்து, பால் தூக்கிப் போட்டுவிட்டு, சாயங்காலம் பந்துத் திடலைச் சுற்றி நடை. நேற்று ஏறிப் பார்த்தேன். எழுபத்தேழு!

கணக்கெழுதுகிற புதுக் கிராணி சிவானந்தம் தங்கமான பிள்ளை. வேலை முடிந்ததும் "ஏறுங்கக்கா, நான் பாக்குறேன்" என்று அவனே குண்டு மாட்டி எடை பார்த்துச் சொல்கிறான். "எறங்கிட்டீங்கக்கா!" என்று அவன் கத்தினதில் இராஜம்மா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

மற்றபடி இந்த மாதம் எல்லாருக்கும் ஒட்டுப்பால் எடை குறைந்து சம்பளம் அடி வாங்கிவிட்டது. இலையுதிர் காலம், மரம் என்ன செய்யும் என்கிறார் எங்களை மேய்க்கிற மண்டோர் காளியண்ணன். நான் என்னவோ சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நவமணி

*

ரவாங்
18.5.1986

நவமணி,

நீ எழுபத்தைந்துக்கு வந்துவிட்டதாக எழுதிய கடிதத்தை உன் அண்ணன் லோரியிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். சாப்பாட்டுக் கடையில் கூட்டாளிகளிடம் படித்துக் காட்டுகிறாராம். "எஸ்டேட்ல இருந்துக்கிட்டே என் தங்கச்சி செய்யுது பாரு. உனக்கு என்னலா கேடு?" என்று என்னைக் கேட்கிறார். கேட்டுவிட்டு ஆட்டுக்கறி வறுவலைத் தட்டில் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நான் பிப்ரவரி மாதம் எழுபத்து நாலு. மார்ச்சில் எழுபத்து நாலு. ஏப்ரலில் எழுபத்து நாலு. இன்றைக்கும் அதே எழுபத்து நாலு. கிளினிக் தராசின் முள்ளை யாரோ ஆணி வைத்து அடித்துவிட்டார்கள்.

நான் என்ன செய்யவில்லை, சொல்? ஓட்டத்தை இரண்டு சுற்று கூட்டினேன். கயிறு வாங்கி ஸ்கிப்பிங் ஆடினேன். வீட்டு அலமாரியில் தட்டுகள் குலுங்கின. டிவியில் ஒரு வெள்ளைக்காரி இசை போட்டுக் குதிக்கிறாள், அவளோடு குதித்தேன். சப்பாத்தியைப் பாதியாக்கினேன். கொள்ளுத் தண்ணீர் குடித்தேன். எடை பார்க்கும்போது செருப்பைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், கொண்டை ஊசியைக்கூட உருவி நர்ஸ் கையில் கொடுத்தேன். மூச்சை வெளியே விட்டுவிட்டு நின்றேன். அசையமாட்டேன் என்கிறது.

"இது எல்லாருக்கும் வர்றதுதான் அக்கா. உடம்பு கொஞ்ச நாளைக்குப் புடிச்சு வெச்சுக்கும். விட்டுறாதீங்க, அப்பறம் தானா எறங்கும்" என்கிறாள் நர்ஸ். எல்லாருக்குமா? உனக்கு வரவில்லையே! நீ மரவள்ளிக்கிழங்கு தின்று இறங்குகிறாய். கிழங்கு தின்றால் ஊதும் என்று ஊரே சொல்கிறது, உனக்கு மட்டும் இறங்குகிறது.

ராத்திரி பசியில் தூக்கம் வரவில்லை என்றால் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நல்ல விதமாக அல்ல. உண்மையைச் சொல்கிறேன், அடுத்த முறை நீ ஏறும்போது அந்தத் தராசு உன்னை இரண்டு கிலோ கூட்டிக் காட்டவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவள் கேட்டாளா என்று எழுது.

அமராவதி

*

புக்கிட் ரோத்தான்
8.6.1986

அன்பு அண்ணிக்கு,

மாரியம்மன் கேட்கவில்லை. எழுபத்து மூன்று.

உங்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணி, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் மெய்யாகவே சாப்பிடாமல் இருக்கிறீர்களா? ஃபேக்டரி கேண்டீனில் எண்ணெயில் பொரித்த கரிப்பாப் ஒன்று, வாழைப்பழம் பொரித்த கோரெங் பீசாங் ஒன்று என்று கை தானாகப் போகும். நாம் கவனிக்கமாட்டோம். சோறுதான் கணக்கு என்று நினைத்துக்கொள்வோம். மேலும் வெறும் ஓட்டம் போதாது. நாங்கள் இங்கே தோளில் கம்பு வைத்து இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறோம். மிஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எங்கே வரும்?

இப்போது நான் நடந்தால் எனக்குப் பின்னால் ஒரு படையே நடக்கிறது. இராஜம்மா, மேல் லயத்து அம்சவள்ளி, பிரசவம் முடிந்த பெண்கள் எல்லாரும். "நவமணி அக்கா, கருவாடு திங்கலாமா? நவமணி அக்கா, மத்தியானம் படுக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் நீங்கள்தான் லீடர், நான் பின்னால் நின்றேன். ஞாபகம் இருக்கிறதா?

என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் என்னை 'புல்டோசர்' என்றுதான் கூப்பிடுவார். போன வாரம் தராசுப் பக்கம் வந்து நின்று எடையைக் கேட்டுவிட்டு, சைக்கிளில் பின்னால் உட்காரச் சொன்னார். கல்யாணமான புதிதில் உட்கார்ந்தது. டயர் கொஞ்சம் அமுங்கியது, ஆனால் அவர் மிதித்துக்கொண்டே போனார்.

ரவிக்கை மட்டும் இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. இந்தப் புதுச் சோப்புத்தூள் துணியைச் சுருக்கிவிடுகிறது போல.

இப்போது மழைக் கணக்குச் சொல்கிறார் காளியண்ணன். ஒட்டுப்பால் இன்னும் கீழேதான் போகிறது. மாதக் கடைசியில் லயத்தில் சண்டை இல்லாத வீடு இல்லை. ஆடித் திருவிழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். வந்து என்னை நேரில் பாருங்கள்.

நவமணி

*

ரவாங்
12.8.1986

அன்பு நவமணி,

கோயில் அடுப்பங்கரையில் அத்தனை பேர் முன்னால் நான் உன்னைப் 'பொய்க்காரி' என்று சொன்னது தப்பு. வாபஸ். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

ஆனால் என் நிலைமையையும் யோசித்துப் பார். இத்தனை கிலோ இளைத்தவள் வரப்போகிறாள் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து கூட்டத்தில் உன்னையே தேடிக்கொண்டு வருகிறேன். எதிரே பார்த்தால் போட்டோவில் இருந்த அதே நவமணி, அதே அகலம்! கையைத் தூக்கினால் ரவிக்கை கிழிகிற சத்தம். மூன்று மாதமாக நான் வெந்த வேக்காடு எல்லாம் வாய் வழியாக வந்துவிட்டது. நீயும் சும்மா விடவில்லையே! "வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க" என்று என் கையைப் பிடித்து, கரண்டியோடு பால் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாய். சிவானந்தம் பார்த்துச் சொன்னான், உனக்கு எழுபது. சரி, அசிங்கப்பட்டேன் என்று நினைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

அறுபத்தைந்து!

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. எங்கள் கிளினிக் தராசுதான் கெட்டுப்போயிருக்கிறது. ஓட்டை நர்ஸ், ஓட்டைத் தராசு. 'உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும்' என்று எனக்கே கதை விட்டிருக்கிறாள். அறுபத்தைந்து கிலோ பொம்பளை நான், இத்தனை மாதம் பட்டினி கிடந்திருக்கிறேன்! திரும்பி வரும்போது ரவாங் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உன் அண்ணனை உட்காரவைத்து, இரண்டு ரொட்டி சானாய் குழம்பில் ஊறப்போட்டுச் சாப்பிட்டேன்.

நம் இரண்டு பேரில் இப்போது நான்தான் கம்மி. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

உன் அண்ணி
அமராவதி

*

புக்கிட் ரோத்தான்
20.8.1986

அண்ணிக்கு,

உங்கள் மன்னிப்பைப் படித்தேன். அதற்குக் கீழே உள்ள வரியையும் படித்தேன்.

எங்கள் தராசு, எங்கள் கொட்டகை. பொங்கலிலிருந்து கிழங்கு தின்று, மேடேறி, திடலைச் சுற்றி நான் இறக்கினேன். நீங்கள் திருவிழாவுக்கு வந்தீர்கள், ஒரு தடவை ஏறினீர்கள், ஒரே நொடியில் ஒன்பது கிலோ கீழே போய்விட்டீர்கள். இதில் நியாயம் இருக்கிறதா? இப்போது திடலில் எனக்குப் பின்னால் நடக்கிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், "ரவாங் அண்ணி என்ன சாப்புடுறாங்களாம்?"

சிறு வயதிலிருந்து இதேதான். நான் ஒன்றைத் தேடிப் பிடிப்பேன். பின்னாலேயே நீங்கள் வந்து அதை என்னைவிட நன்றாகச் செய்துவிடுவீர்கள். அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அண்ணன் மட்டும்தான் இருந்தார்.

இதற்கு மேல் எழுதினால் ஏதாவது எழுதிவிடுவேன்.

நவமணி

*

ரவாங்
14.9.1986

நவமணி,

உட்கார்ந்துகொண்டு படி.

போன வாரம் கிளினிக்கில் ஏறினேன். எழுபத்து நாலு. "தராசை ரிப்பேர் பண்ணுங்க" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். அவள் இப்போதுதான் அரசாங்கத்து ஆட்கள் வந்து சோதித்து முத்திரை குத்திப் போனார்கள் என்று காட்டினாள். நான் விடவில்லை. பஜாரில் அரிசிக் கடைத் தராசில் ஏறினேன், கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே சிரித்தார். எழுபத்து நாலு. ரயில் ஸ்டேஷனில் பார்சல் எடை போடுகிற இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஏறினேன். எழுபத்து நாலு. ரவாங்கில் உள்ள எல்லாத் தராசும் கூடிப் பேசிவைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுமா?

கெட்டுப்போனது உன் கொட்டகைத் தராசு, நவமணி. நான் அறுபத்தைந்தும் இல்லை, நீ எழுபதும் இல்லை. உன் ரவிக்கை சுருங்கவில்லை. சோப்புத்தூள் மேல் பழி போடாதே. நீ ஜனவரியில் இருந்தபடியேதான் இருக்கிறாய்!

என் எழுபத்து நாலு நிஜம். ஐந்து கிலோ மெய்யாக இறக்கினவள் நான் ஒருத்திதான். இதை உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி ஆக்கிப் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். நன்றாக ரசித்துச் சொல்லவேண்டும்.

அமராவதி

*

புக்கிட் ரோத்தான்
18.9.1986

அமராவதி,

உனக்கு வயிறு எரிகிறது. நன்றாக எரியட்டும். உன் முள் நின்றுவிட்டது, அதனால் என் தராசு பொய்யா? இத்தனை பேருடைய பாலையும் மூட்டையையும் தினம் எடை போடுகிற தராசு அது. அதை வைத்துத்தான் எல்லாரும் சோறு தின்கிறோம். அது பொய் சொல்லுமா?

அண்ணனிடம் சொல்லு, போ. இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

நவமணி

*

புக்கிட் ரோத்தான்
5.10.1986

அண்ணி,

நான்தான் எழுதாதே என்றேன், நானே எழுதுகிறேன்.

தீபாவளிக்காக நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசி வாங்கினோம். வாய் தைத்த ஐம்பது கிலோ மூட்டை. புக்கிட் ரோத்தான் கடைத்தெருவிலிருந்து சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார் இவர். சிவானந்தம் சாப்பிடப் போயிருந்த நேரம், கொட்டகையில் யாரும் இல்லை. உங்கள் கடிதம் பத்து நாளாக என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. "கொஞ்சம் இதுல தூக்கி வைங்க" என்றேன். நாற்பத்து நாலு காட்டியது. தையலைத் தடவித் தடவிப் பார்த்தேன், எங்கும் பிரிக்கவில்லை. மறுபடி வைத்தோம். நாற்பத்து நாலு.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு முதலில் என் உடம்பு ஞாபகம்தான் வந்தது. ஐயோ, நான் இளைக்கவே இல்லையா என்று அழுதேன். இவர் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான் மெல்லக் கேட்டார், "நவமணி, மூட்டையே கொறையுதுன்னா ஒட்டுப்பாலு?"

அண்ணி, நான் இறங்க இறங்க எங்கள் ஒட்டுப்பாலும் இறங்கியதே! இலையுதிர் காலம் என்றார்கள், மழை என்றார்கள், மரம் கிழடு என்றார்கள். சோம்பேறிப் பொம்பளைகள் என்று காளியண்ணன் காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டில் வைத்துத் திட்டினார், அம்சவள்ளி புருஷனிடம் அடி வாங்கினாள். மரம் எப்போதும் கொடுக்கிறதைத்தான் கொடுத்திருக்கிறது. எண்பது காட்டிய தராசு எப்படி மாதா மாதம் இறங்கும்? யாரோ இறக்கினால்தான் இறங்கும். மிச்சமாகிற ஒட்டுப்பால் எந்த லோரியில் ஏறி யார் பெயரில் விற்கிறதோ!

நான் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் விடிந்துவிடும். ஆனால் திறந்தால் என்ன ஆகும் தெரியுமா? 'நவமணி அக்கா இளைத்தாள்' என்பது போய்விடும். பழையபடி புல்டோசர். எனக்குப் பின்னால் நடக்கிற பெண்கள் எனக்கு முன்னால் சிரிப்பார்கள். உங்களுக்கு ஆயிரம் இருக்கிறது அண்ணி. எனக்கு இந்த ஒன்றுதான் இருந்தது. மெய்யாகப் பட்டினி கிடந்தேன், மெய்யாக நடந்தேன். அதற்கு மெய்யாக ஒன்றும் இல்லை என்று நானே எப்படிச் சொல்வேன்?

அண்ணனிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

நவமணி

*

ரவாங்
9.10.1986

நவமணி,

இன்னும் சொல்லவில்லை. கறி ஆக்கினேன், ஆனால் என்னவோ வாய் வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். யாரோ ஒருவன் என்றைக்கோ கண்டுபிடிப்பான், அதுவரைக்கும் நான் இளைத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்திருப்பேன். அந்த அறுபத்தைந்து எனக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஒரு மாதம் கண்ணாடியை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நீ என்ன செய்தாலும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

அமராவதி

*

புக்கிட் ரோத்தான்
26.10.1986

அன்புள்ள அண்ணிக்கு,

முடிந்துவிட்டது. வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் இராஜம்மாவிடம் மூட்டைக் கதையை மட்டும் சொன்னேன். அவள் நேரே காளியண்ணனிடம் போனாள், அவர் சிவானந்தத்திடம் போனார். அவன் கொஞ்சமும் பதறவில்லை. "கடைக்காரன் மூட்டையில கொறச்சிருப்பான் அக்கா, அவனப் போய்க் கேளுங்க" என்றான். எல்லாரும் அதை நம்பினார்கள். நானும் பேசாமல் வந்துவிட்டேன். ஒரு வாரம் அப்படியே போனது. அந்த ஒரு வாரமும் ஒட்டுப்பாலை நான்தான் தூக்கிப்போய் அந்தத் தராசில் வைத்தேன்.

போன வியாழக்கிழமை அரசாங்க நர்ஸ், அந்த மிஸ்ஸி, வேனில் வந்தார். மாதா மாதம் கோயில் பந்தலில் வைத்துப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் எடை பார்ப்பாரே, அவர்தான். கூட ஒரு தராசும் வரும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு உள்ளது என்று நான் அதன் பக்கமே போனதில்லை. அன்றைக்குப் போய்க் கேட்டேன். என் மலாயைப் புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தராசைத் தானே தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டார். எடை போடுகிற நேரம். எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். மானேஜரும் அன்றைக்கு என்று வந்திருந்தார்.

நான் மானேஜரிடம் தராசு சரியில்லை என்றேன். சிவானந்தம் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். எல்லாரையும் பார்த்துக் கேட்டான், "இதே தராசுலதான் இவங்க பத்து கிலோ எளைச்சாங்க. எல்லாரும் கண்ணால பாத்தீங்கதானே? தராசு பொய்ன்னா இவங்க எளைச்சதும் பொய்யா? அத அவங்க வாயாலயே சொல்லச் சொல்லுங்கலா."

அவன் என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான், அண்ணி. மாதா மாதம் 'எறங்கிட்டீங்கக்கா' என்று சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தவன்தானே! நான் சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்தான்.

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். இவரும் வாசலில் நிற்கிறார். எனக்கு அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. வரிசையில் அம்சவள்ளி நின்றுகொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் போன மாதச் சம்பளத்தின் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தேன்.

"எளைக்கல" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி கத்தினேன். "நான் எளைக்கவே இல்ல! ஏறுறேன், பாத்துக்குங்க!"

மிஸ்ஸி தராசில் ஏறினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னார், "துஜோ பூலோ செம்பிலான்!" எழுபத்தொன்பது. பத்து மாதத்துக்கு ஒரு கிலோ. மலாய் தெரியாதவர்கள்கூட அன்றைக்கு என்று புரிந்துகொண்டார்கள். இறங்கி, கொட்டகைத் தராசில் ஏறினேன். சிவானந்தம் பக்கத்தில் வரவில்லை. காளியண்ணன் பார்த்தார். அறுபத்தொன்பது.

அப்புறம் இராஜம்மா, "அடி பாவி, நீ எளைக்கவே இல்லியா? ஒன்ன நம்பி நான் கருவாட்ட விட்டேனே!" என்றாள். கொட்டகையே சிரித்தது. பிள்ளைகள் 'துஜோ பூலோ செம்பிலான்' என்று பாட்டுக் கட்டிவிட்டார்கள். நான் அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றேன். "என் பத்து கிலோ எங்க போச்சோ அங்கதான்டி ஒங்க ஒட்டுப்பாலும் போயிருக்கு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

மானேஜர் குண்டுகளைக் கழற்றிக் கவிழ்த்தார். அடியில் இருக்கிற குழியில் புதிதாக ஈயம் ஊற்றியிருந்தது, ஒன்றின் மேல் ஒன்றாக. குண்டு கனத்தால் நாங்கள் லேசாகிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தை. சிவானந்தத்தைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு வரவேண்டியதைக் கேட்டுச் சங்கத்துக்காரர்கள் வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். கோயிலில் மாலை போடப் போகிறார்களாம். இவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார், டயர் நன்றாகவே அமுங்கியது, அவர் மிதித்துக்கொண்டே வந்தார். ஆனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அண்ணி. எனக்கு அந்த மாலை வேண்டாம். எனக்கு அந்த எழுபது வேண்டும்.

இனி அண்ணனிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

நவமணி

*

ரவாங்
9.11.1986

என் நவமணிக்கு,

நான் என்ன சொல்வது? உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புக்கிட் ரோத்தானிலிருந்து வந்த லோரிக்காரன் ஒருவன் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து இந்த வீட்டில் டிவி போடுவதில்லை, நீதான் ஓடுகிறாய். தீபாவளிக்கு வந்த அத்தனை பேருக்கும் முறுக்கைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கல்யாணப் போட்டோவைக் காட்டினார். "இதான் என் தங்கச்சி. எழுபத்தொம்பது கிலோ. எளைக்கவே இல்ல!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார். வருகிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு உன்னைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் நிற்கிறவள் யார் என்று ஒருவர் கேட்கவில்லை. நான் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறேன்.

இளைத்து என்னைத் தோற்கடித்தாய், பொறுத்துக்கொண்டேன். இப்போது இளைக்காமலும் தோற்கடித்துவிட்டாய். இதற்கு நான் எந்தத் திடலைச் சுற்றி ஓடுவது? வாயைத் திறக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவள் நான். நீ திறந்தாய். எரிகிறது நவமணி. அடிவயிற்றிலிருந்து எரிகிறது. உன்னைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருக்கிறது, நறுக்கென்று கிள்ளவேண்டும் போலவும் இருக்கிறது.

நேற்று ஷிஃப்டு முடிந்து கிளினிக் பக்கம் போனேன். பழக்க தோஷம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முள் எழுபத்து நாலில் நிற்கும் என்று நினைத்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ்தான் கூப்பிட்டுக் காட்டினாள். எழுபத்து மூன்றரை.

பிப்ரவரியிலிருந்து காத்துக்கிடந்தது. வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்து உன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்னங்க, அரைக் கிலோ எறங்கிட்டேன்" என்றேன். "ம், நல்லது, தண்ணி கொண்டா" என்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சத்தியமான அரைக் கிலோ, நவமணி. அரசாங்க முத்திரை குத்திய தராசு. இதைப் பார்த்து நீயாவது கொஞ்சம் பொறாமைப்படு. உன்னை விட்டால் எனக்கு வேறு யார் படுவார்கள்?

அமராவதி